ஐம்பதாவது கட்டு

ஏர்வாடியில் பாங்கு ஒலித்து அடங்கும் நேரத்துக்குக் கருவை லாரிகள் ஆலை வாசலில் வரிசையாக நின்றிருக்கும். முந்தின நாள் வெட்டிய சீமைக்கருவேல முள். பனியில் நனைந்து கனத்திருக்கும். பெண்கள் லாரியின் பின்கதவைத் தட்டித் திறந்து கொக்கிக் கம்பால் கட்டுகளை இழுத்துக் கீழே தள்ளுவார்கள். கருவைக் கட்டைத் தலையில் தூக்க முடியாது, இடுப்பில் வைக்கவும் முடியாது. கம்பில் குத்தி, இரண்டு பேர் சேர்ந்து தரையோடு இழுத்துக்கொண்டு போய்த்தான் மிஷினுக்கு ஊட்ட வேண்டும். பொழுது வெளுப்பதற்குள் புறங்கையெல்லாம் கீறலாகிவிடும். வேர்வை பட்டால் எரியும்.

முள்ளுக்குப் பயந்து அந்தப் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்கள். புருஷன் சட்டை, அண்ணன் சட்டை, தீபாவளிக்கு எடுத்து வெளுத்துப்போன சட்டை. களை எடுக்கப் போனாலும் மிளகாய் பறிக்கப் போனாலும் அந்தப் பக்கத்தில் இதுதான் வழக்கம். வயல் காய்ந்து கிடந்ததால் அந்தச் சட்டைகள் ஆலைக்கு வந்து சேர்ந்திருந்தன.

கருவையை எரித்துக் கரண்டு எடுக்கும் ஆலை அது. அந்த இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் நாடே கரண்டு இல்லாமல் தவித்தபோது இந்தப் புகைபோக்கி மட்டும் ஓயாமல் புகைந்தது. முள் ஊட்டும் நாற்பது பேரும் வேலாங்கண்மாய் ஊர்க்காரர்கள். பகலில் பாதி நேரம் வேலாங்கண்மாயில் விசிறி சுற்றாது. இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். அவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கத்தான் செய்தார்கள்.

கூத்தையா சிப்பர் மிஷினுக்கு ஆபரேட்டர். கட்டையைச் சில்லுச் சில்லாகச் சீவித் தள்ளும் மிஷின் அது. அதன் வாயில் பல் வைத்த இரும்பு ரோலர் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். கட்டின் நுனியை நீட்டினால் போதும், ரோலர் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே கத்திகள். வாய்க்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்த கம்பி. யாருக்காவது ஆபத்து என்றால் அதை ஓங்கி அடிக்க வேண்டும், ரோலர் நிற்க வேண்டும். அடிப்பதற்காகவே அந்த இடத்தில் நிற்பவர் கூத்தையா.

தினமும் விடியற்காலையில் மிஷின் ஓடத் தொடங்கியதும், ஒரு முள்கூட உள்ளே போகுமுன், கூத்தையா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஏர் பிடித்த காலத்திலும் மேழியை அப்படித்தான் தொட்டுக் கும்பிட்டார். அப்புறம் சிவப்புக் கம்பியை உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி. ரோலர் சட்டென்று நின்றுவிடும்.

"நிக்கிது தாயி. பயப்படாம ஊட்டுங்க" என்பார்.

அந்த வார்த்தைக்குப் பிறகுதான் ராக்கு முதல் கட்டை இழுத்து வருவாள். ராக்கு முன்பக்கம், அவள் தங்கச்சி பூமயில் பின்பக்கம். அக்கா தங்கச்சி இரண்டு பேரும் ஒரே கட்டைப் பிடித்தால் சண்டை போடாமல் இழுக்க மாட்டார்கள்.

"ஏண்டி, பின்னால பிடிக்கச் சொன்னா என்னையச் சேத்து உள்ள தள்ளுறியே."

"நீ போனாத்தான் மச்சானுக்கு நல்ல பொண்ணாப் பாக்கலாம்."

"பாருடி, பாரு. இந்தக் கிழிஞ்ச சட்டைக்காரனுக்கு எவ வருவா?"

ராக்கு போட்டிருந்தது அவள் புருஷன் பூமிநாதனின் சட்டை. வலதுகை மணிக்கட்டில் பித்தான் இல்லை. தைத்துத் தருகிறேன் என்று பூமிநாதன் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கருவை வெட்டப் போகிறவன், அரிவாள் பிடித்துக் காய்த்த விரல்களுக்கு ஊசி அகப்படவில்லை.

தை மாதம் வரை மிஷினில் வேறு ஏற்பாடு இருந்தது. முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்பு லிவர். அதைத் தள்ளினால் பெல்ட்டு கழன்றுகொள்ளும், ரோலர் நின்றுவிடும். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் யாரும் இல்லை. தை பிறந்ததும் முதலாளி பொன்னுச்சாமி மதுரையிலிருந்து ஒரு பெட்டி வாங்கி வந்து மாட்டினார். சாப்பாட்டுத் தூக்கு அளவுதான் இருக்கும். உள்ளே போகும் கட்டுகளை அது எண்ணும். ஐம்பது கட்டு ஆனதும் பரமக்குடியில் இருக்கும் முதலாளியின் செல்போனுக்குச் செய்தி அனுப்பும். சிவப்புக் கம்பியையும் அந்தப் பெட்டியோடுதான் இணைத்தார்கள். கம்பி அடிபட்டதைப் பெட்டி பார்த்து, பெட்டி சொல்லி, ரோலர் நிற்க வேண்டும். பழைய லிவரை வெல்டிங் வைத்து அறுத்து இரும்புக் கடைக்குப் போட்டார்கள். சுவரில் 'பாதுகாப்பே முதல்' என்று ஒரு பலகை மாட்டினார்கள். பலகையில் எழுத்து நன்றாகவே இருந்தது.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே முக்காலுக்கு, ஐம்பதாவது கட்டு உள்ளே போன கையோடு அடுத்த கட்டை நீட்டினாள் ராக்கு. கருவை முள் ஒன்று அவள் சட்டைக் கையில் மாட்டியது. முள் கட்டோடு போனது, சட்டை முள்ளோடு போனது.

"அண்ணே!"

கூத்தையா கம்பியை அடித்தார். ரோலர் சுற்றியது. மறுபடி அடித்தார். ரோலர் சுற்றியது. மூன்றாவது முறை இரண்டு கையாலும் அடித்தார். பூமயில் அக்காவின் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். அதற்குப் பிறகுதான் ரோலர் நின்றது.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலே கையை எடுத்தார்கள். அவர்கள் எடுக்கவே இல்லை, மிஷினே எடுத்துவிட்டிருந்தது. டாக்டர்கள் மிச்சத்தைச் சரி செய்தார்கள்.

நாலாம் நாள் பொன்னுச்சாமி வந்தார். பழைய நிலக்கிழார் குடும்பம். வேட்டி மடிப்புக் கலையாத மனுஷன், குரலை உயர்த்தாமல் பேசுவார். ஆலை ஆபீஸில் கூத்தையாவை நிற்க வைத்து மேசை மேல் இரண்டு தாள்களைப் போட்டார்.

"ஏலே கூத்தையா, இது மோட்டார்ல இருந்து எடுத்தது. ரோலர் திணறுன நேரம் இதுல இருக்கு. இது பொட்டியில இருந்து எடுத்தது. நீ கம்பிய அடிச்ச நேரம் இதுல இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல நாலு செகண்டு. என்ன செஞ்சுக்கிட்டு இருந்த?"

"ஒடனே அடிச்சேன் முதலாளி."

"நான் சொல்லலடா. மிஷின் சொல்லுது. மிஷினுக்கு ஒம்மேல என்ன பகையா?"

"மூணு தடவை அடிச்சேன் முதலாளி."

"பொட்டியில ஒரு அடிதான் இருக்கு." பொன்னுச்சாமி தாளைத் திருப்பிக் காட்டினார். "அந்தப் புள்ளையும் சட்டையில இருந்து கைய உருவியிருக்கலாம். பித்தான் இல்லாத சட்டை. உருவாம மரமா நின்னுருக்கா. சரி, அவளைச் சொல்லி என்ன செய்ய. நீ அசந்துட்டேன்னு எழுதிக் குடுத்துரு. ஒன்னைய லாரிப் பக்கம் வேலைக்குப் போட்டுக்கிறேன். போலீசு, கேசுன்னு இழுக்க மாட்டேன்."

கூத்தையா எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போனவரைச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. மிஷின் ஏன் பொய் சொல்லப் போகிறது? ஒருவேளை தாமதித்துத்தான் அடித்தோமோ? கண் வேறெங்கோ போனதோ? அவர் தன் வீட்டு நிலைக்கதவு முன் நின்று, பெண்டாட்டி திடீரென்று கை தட்டும்போது நிலையை அடித்து அடித்துப் பார்த்தார். கையில் தாமதம் இல்லை. ஆனாலும் நம்ப முடியவில்லை. உள்ளங்கை அன்றைக்கு அடித்த அடியில் வீங்கிக் கறுத்திருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை, அவரும் யாருக்கும் காட்டவில்லை.

பூமிநாதன் கூத்தையாவோடு பேச்சை நிறுத்திவிட்டான். மச்சான் மச்சான் என்று ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்தவன், ஆஸ்பத்திரி வாசலில் கூத்தையா வந்து நின்றபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். அவனுக்குள் எரிந்துகொண்டிருந்தது வேறு. பித்தான் தைக்காத கை தன் கை என்று அவன் தன்னையே தின்றுகொண்டிருந்தான். பூமயிலோ, கட்டின் முள்பக்கத்தைத் தான் அக்கா பக்கம் திருப்பிக் கொடுத்துவிட்டோமோ என்று சோறு இறங்காமல் கிடந்தாள்.

ஒரு கை போனதற்கு வேலாங்கண்மாயில் மூன்று வீட்டில் மூன்று பேர் தங்களைத் தாங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தார்கள். ஏற வேண்டிய ஆள் பரமக்குடியில் சாப்பிட்டுவிட்டுச் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழைகளின் இந்தப் பழக்கத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

வேலை நிற்கவில்லை. நிறுத்த வழியில்லை. ராக்கு இடத்தில் வேறொருத்தி நின்றாள், கூத்தையா கம்பிப் பக்கமே நின்றார். எழுதி வாங்காமல் முதலாளி அவரை அனுப்புவதாக இல்லை. பூமயில் இப்போது கட்டைப் பார்ப்பதில்லை. மிஷினை, அந்தப் பெட்டியைத்தான் பார்த்தாள். பெட்டியின் நெற்றியில் ஒரு பச்சை விளக்கு உண்டு. அது எப்போதாவது படபடவென்று மினுங்கும், அப்புறம் ஓய்ந்துவிடும். அன்றைக்கு அக்கா கத்தியபோதும் அது மினுங்கிக்கொண்டிருந்தது என்பது வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள்தான் அவள் நினைவுக்கு வந்தது. எப்போதெல்லாம் மினுங்குகிறது என்று எண்ணத் தொடங்கினாள். அரிசி களையும்போதுகூட எண்ணிக்கொண்டிருப்பவள் அவள். ஐம்பது கட்டு, மினுக்கம். நூறு, மினுக்கம். நூற்றைம்பது, மினுக்கம்.

சாப்பாட்டு நேரத்தில் கூத்தையாவிடம் போய்ச் சொன்னாள்.

"அண்ணே, அது முதலாளிக்கு போன் போடுற நேரத்துல மினுங்குது. அந்த நேரத்துல நீங்க ஒரு தடவையாச்சும் கம்பிய அடிச்சுப் பாத்திருக்கீகளா?"

கூத்தையா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. யோசித்தார். அவர் அடித்துப் பார்ப்பது தினமும் விடியற்காலையில். கும்பிட்டுவிட்டு, முதல் கட்டுக்கு முன்னால். அப்போது எண்ணவும் கட்டு இல்லை, சொல்லவும் சேதி இல்லை. பெட்டிக்கு வேறு வேலையே கிடையாது. வேலையில்லாமல் சும்மா இருக்கிறவனைக் கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்க வைத்துவிட்டு, இவன் காது நல்ல காது என்று ஊருக்கெல்லாம் சாட்சி சொல்லியிருக்கிறோம் என்பது அவருக்கு விளங்கியது.

"இல்ல தாயி" என்றார். "ஒரு நாளும் பாக்கல." அவருக்கு அழுகை வந்தது. அவர் அழுததை அந்த நாற்பது பேரும் பார்த்தார்கள்.

மறுநாள் காலிதா வந்தாள். கீழக்கரைப் பெண். அப்பா துபாயில் கடையில் நிற்கிறார். அவள் என்ஜினீயரிங் படித்து, மதுரையில் அந்தப் பெட்டியைச் செய்கிற சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பெட்டி என்ன செய்ய வேண்டும் என்று உள்ளே எழுதியிருந்த புரோகிராமில் பாதி அவள் எழுதியது. பெட்டியில் கோளாறு இல்லை என்று ஒரு சான்றிதழ் வேண்டும் என்று பொன்னுச்சாமிதான் வரச் சொல்லியிருந்தார்.

பொன்னுச்சாமி எல்லோர் முன்னாலும் நடத்திக் காட்ட விரும்பினார். காலை ஏழு மணி. சோதனைக்காக அன்றைக்கு மிஷினை அப்போதுதான் ஓடவிட்டிருந்தார்கள்.

"அடிலே, பாப்போம்."

கூத்தையா அடித்தார். ரோலர் சட்டென்று நின்றது.

"பாத்தியாம்மா? கண்ண மூடித் தெறக்கிறதுக்குள்ள நிக்கிது. எழுதிக் குடுத்துட்டுக் கெளம்பு. ஒங்க அம்மா தேடுவாக."

காலிதா பையிலிருந்து தாளை எடுத்தாள். அப்போது பூமயில் முன்னால் வந்தாள்.

"வெறும் வயித்துல அதுக்குக் காது நல்லாத்தான் கேக்கும் முதலாளி. அம்பது கட்டு உள்ள போகட்டும். அப்பறம் அடிக்கச் சொல்லுங்க."

"ஒனக்கென்ன தெரியும்? போயி வேலையப் பாரு."

ஆனால் காலிதாவின் கை தாளோடு நின்றுவிட்டது. "அக்கா, எத்தனையாவது கட்டுல அடிபட்டுச்சு?" என்று கேட்டாள்.

"அம்பது போயி, அடுத்தது. பச்சை வெளக்கு மினுங்கிக்கிட்டு இருந்துச்சு."

காலிதா பேனாவை மூடினாள். "ஊட்டுங்க" என்றாள். "நான் நிக்கிறேன்."

பொன்னுச்சாமி காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். பெண்கள் நீளக் கம்புகளால் தள்ளி நின்று ஊட்டினார்கள். ஒவ்வொரு கட்டுக்கும் எல்லோரும் சேர்ந்து சத்தமாக எண்ணினார்கள். நாற்பதைத் தாண்டியபோது லாரி டிரைவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். நாற்பத்தொன்பது முடிந்ததும் பூமயில் தான் போட்டிருந்த சட்டையைக் கழற்றி ஐம்பத்தொன்றாவதாக நின்ற கட்டின் முள்ளில் மாட்டினாள்.

ஐம்பது. பச்சை விளக்கு மினுங்கத் தொடங்கியது. சட்டையோடு கட்டை உள்ளே கொடுத்தார்கள். ரோலர் பிடித்தது.

கூத்தையா அடித்தார். காலிதா செல்போனில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு சத்தமாக எண்ணினாள். ஒன்று. இரண்டு. சட்டையின் கை போனது. மூன்று. நான்கு. கூத்தையா அடித்துக்கொண்டே இருந்தார். தோள் போனது. ஐந்து. கழுத்துப் பட்டை போனது. ஆறு.

ரோலர் நின்றது. வெளியே ஒரு பித்தானும் மிச்சமில்லை.

காலிதா தன் கம்ப்யூட்டரைப் பெட்டியோடு இணைத்துப் பார்த்தாள். கூத்தையா கம்பியை அடித்த நேரமாக அதில் பதிவாகியிருந்தது, ரோலர் நின்ற அதே நொடி. பதிவானதும் ஒரே ஓர் அடி.

"அண்ணே" என்று அவள் கூத்தையாவைப் பார்த்துச் சொன்னாள். "நீங்க அடிச்ச நேரத்த இது எழுதல. நீங்க அடிச்சத இது எப்பத் திரும்பிப் பாத்துச்சோ, அந்த நேரத்தத்தான் எழுதியிருக்கு. ஒத்தை ஆளு இருக்கிற தபாலாபீஸ் மாதிரி இது. போன் பேசிக்கிட்டு இருந்தா சன்னல்ல நிக்கிறவுகள ஏறிட்டுப் பாக்காது. பேசி முடிச்சுட்டு, நீங்க இப்பத்தான் வந்ததா எழுதிக்கிரும்."

"அப்ப மதுரையில நீங்க சோதிச்சுப் பாக்கலையா?" என்று கேட்டாள் பூமயில்.

"பாத்தோம். நூறு தடவை அடிச்சோம், நூறு தடவையும் ஒடனே நின்னுச்சு. எங்க ஆபீசுக்கு எதுத்தாப்புல டவர். சேதி கண் இமைக்கிறதுக்குள்ள போயிரும். இங்கன டவர் எங்கயோ இருக்கு. சேதி போகலைன்னா திரும்ப அனுப்பும், அதுவும் போகலைன்னா மூணாந்தடவை. அது வரைக்கும் கம்பிப் பக்கம் திரும்பாது." அவள் குரல் இறங்கியது. "எவ்வளவு சீக்கிரமா நிக்கும்னு பாத்தோம். ஆக மோசமா எவ்வளவு தாமதமாகும்னு யாரும் கணக்குப் போடல. நான் கேட்டேன். அதுக்கெல்லாம் நேரமில்லம்மான்னாக. நானும் விட்டுட்டேன். நேத்து வரையில தெரியல, இப்பத் தெரியிது. ஒம்பது செகண்டு வரைக்கும் போகும்."

கூத்தையா தன் கறுத்த உள்ளங்கையைப் பார்த்தபடி கேட்டார்.

"கம்மாய்க்குக் கரை போடுறோமே தாயி, எந்த மழைக்குப் போடுறோம்? வருசா வருசம் பேயுற மழைக்கா? ஊரே முங்குற மாதிரி ஒரு மழை எப்பவாச்சும் பேயும்ல, அதுக்குத்தான போடுவோம்?"

காலிதா கம்ப்யூட்டரை மூடிவைத்தாள்.

பொன்னுச்சாமி காரிலிருந்து இறங்கி வந்திருந்தார். "ஒரு தடவை சிக்னல் மக்கர் பண்ணுனதுக்கு இத்தனை நாடகமா? போங்க, போங்க, வேலையப் பாருங்க."

"பழைய மாதிரி லிவர் மாட்டச் சொல்லுங்க முதலாளி. பாக்குறோம்" என்றார் கூத்தையா.

"லிவர்ல எண்ணிக்கை வராதுலே. பரமக்குடியில இருக்கிற எனக்கு இங்கன என்ன நடக்குதுன்னு தெரிய வேணாமா?"

"ஒங்களுக்குச் சொல்லிக்கிட்டு இருந்த நேரத்துலதான் முதலாளி எங்க அக்கா கை போச்சு" என்றாள் பூமயில்.

பொன்னுச்சாமி முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். "நாளையில இருந்து நீயும் இவனும் கேட்டுப் பக்கம் வரக்கூடாது. மத்தவுக வரலாம். வராட்டி, முதுகுளத்தூர்ப் பக்கம் ஆளுக்கா பஞ்சம்?"

காலிதா கையிலிருந்த தாளில் எழுதினாள். பெட்டியில் கோளாறு இல்லை என்று எழுதவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி, எண்ணிய நொடிகளோடு எழுதி, கீழே தன் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒன்றை முதலாளியிடமும் ஒன்றைக் கூத்தையாவிடமும் கொடுத்தாள்.

"ஒங்க கம்பெனியில நான் பேசிக்கிறேன்" என்றார் பொன்னுச்சாமி.

"பேசுங்க சார். எனக்கு வேலை இருக்காது, தெரியும். ஆனா இந்தப் பொட்டி இன்னும் பதினோரு எடத்துல ஓடுது. அங்கயும் நான் போகணும்." ஏர்வாடி பஸ்ஸைப் பிடிக்க அவள் நடந்தே போனாள்.

அன்று பிற்பகல் பூமயில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பூமிநாதன் ராக்குவின் கட்டிலருகே ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதலாளி ஆள் மூலம் அனுப்பியிருந்தார். கூத்தையா அசந்து நின்றதால்தான் விபத்து என்று அதில் எழுதியிருந்தது. ராக்குவும் அவனும் ஒப்புக்கொண்டால் பூமிநாதனுக்கு ஆலையில் காவலாள் வேலை, நிரந்தரமாக. ஒரு கையை எடுத்த ஆலை, அடுத்த கையை வைத்து இன்னொருவன் கழுத்தை நெரிக்கச் சொன்னது.

காய்ச்சல் விட்டு, ராக்கு அன்றுதான் தெளிவாகப் பேசினாள். பூமயில் நடந்ததையெல்லாம் சொன்னாள். பூமிநாதன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "என்ன இருந்தாலும் சட்டை ஏஞ் சட்டைதான்" என்றான். "அந்தப் பித்தான வச்சுக் குடுத்திருந்தா..."

"முள்ளு பித்தானப் பாத்தா மாட்டுது?" என்றாள் ராக்கு. இடது கையை நீட்டி அவன் முழங்காலைத் தொட்டாள். "அண்ணன் கம்பிய அடிச்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. ஒடனே கேட்டுச்சு. மூணு தடவை கேட்டுச்சு."

"நெசமாவா?"

"மொத அடி கேட்டதும் எனக்குப் பயம் போயிருச்சு. அண்ணன் அடிச்சிருச்சு, இனி நின்னுரும்னு நெனச்சேன். அதனாலதான் சட்டையக் கழட்டல. கழட்ட நேரம் இருந்துச்சு. நின்னுரும்னு நம்பிச் சும்மா நின்னுட்டேன்."

சொல்லிவிட்டு அவள் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தாள். பூமயில் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள். பூமிநாதன் தாளை நான்காக மடித்தான், எட்டாக மடித்தான், மடிக்க முடியாத அளவுக்கு மடித்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போட்டான்.

மறுநாள் விடியற்காலை. பாங்கு ஒலித்து அடங்கியது. லாரிகள் வந்து நின்றன. கூத்தையாவும் பூமயிலும் கேட்டுக்கு வெளியே சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கூத்தையாவின் மடியில் காலிதா எழுதிக் கொடுத்த தாள் இருந்தது. வேலாங்கண்மாய்ப் பெண்கள் சட்டையோடும் கொக்கிக் கம்போடும் வந்தார்கள். காவலாள் கேட்டைத் திறந்துவிட்டான். முதலில் வந்த பெண் திறந்த கேட்டைப் பார்த்தாள், கூத்தையாவைப் பார்த்தாள், கம்பைக் கீழே போட்டுவிட்டு வந்து பூமயில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்தவளுக்கு யோசிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. வீட்டில் உலை வைக்க வேண்டுமே. ஆனாலும் அவளும் உட்கார்ந்தாள். வெயில் ஏறுவதற்குள் முப்பத்தாறு பேர். உள்ளே போக நினைத்த இரண்டு பேரும்கூட உள்ளே போகவில்லை, தள்ளி மரத்தடியில் நின்றார்கள்.

மேனேஜர் ஓடி வந்தார். "கூத்தையா, என்னய்யா இது? முதலாளிக்கு நான் என்ன சொல்ல?"

"பழைய மாதிரி லிவர் மாட்டணும். ராக்கு பேருலயும் ஏம் பேருலயும் எழுதுன தாளக் கிழிக்கணும். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்து அந்த மதுரைக் கம்பெனிப் பிள்ளை எழுதுனதப் பாக்கணும். ராக்குவுக்கு என்ன சேரணுமோ அது சேரணும். சொல்லுங்க, மெதுவாச் சொல்லுங்க. நாங்க இங்கனதான் இருக்கோம்."

அப்போது ராமநாதபுரம் பஸ் வந்து நின்றது. பூமிநாதன் இறங்கினான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவன் நேரே உள்ளே போய்விடுவானோ என்று பலருக்கும் பயம். அவன் கேட்டைப் பார்க்கவே இல்லை. கூத்தையாவுக்கு எதிரே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவர் வலது கையை எடுத்து விரித்துப் பார்த்தான். வீக்கம் வடிந்திருந்தது, கறுப்பு இன்னும் போகவில்லை.

"மூணு தடவை அடிச்ச சத்தம் கேட்டுச்சாம் மச்சான்" என்றான். "ஒடனே கேட்டுச்சாம். ராக்கு ஒங்ககிட்டச் சொல்லச் சொல்லுச்சு."

கூத்தையா தலையை அசைத்தார். ராக்கு சொன்ன மற்றதைப் பூமிநாதன் சொல்லவில்லை. அதை அவன் எந்த நாளும் சொல்லப்போவதில்லை. அவன் நகர்ந்து, அவரோடு தோள் உரச உட்கார்ந்து, பீடியைப் பற்ற வைத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு அவர் கையில் கொடுத்தான்.

உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊட்ட ஆளில்லாத ரோலர் வெறுமனே சுற்றியது. வெயில் ஏற ஏற, புகைபோக்கியின் புகை மெலிந்துகொண்டே வந்தது. நாளைக்கு முதுகுளத்தூரிலிருந்து ஆள் வரலாம், போலீஸ் வரலாம், எது வேண்டுமானாலும் வரலாம். அன்றைக்குப் பகல் முழுவதும் அந்தப் பெட்டியின் பச்சை விளக்கு ஒரு முறைகூட மினுங்கவில்லை. பரமக்குடியில் பொன்னுச்சாமி தம் செல்போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.